பச்சை மையில் எழுதிய உறக்கம்

அந்தப் பையைக் கீழே வைக்காதீர்கள், மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இவர் என் மேல் சாய்ந்தால் நான் உங்கள் மேல் சாய்வேன், உங்களுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். சங்ககிரியில் ஏறியதிலிருந்து என் இடது தோள் என்னுடையதாக இல்லை. மரத்துப்போய்விட்டது. நகர்த்தவில்லை. நகர்த்தினால் ஜன்னல் கம்பியில் தலையை இடித்துக்கொள்வார்.

குடித்திருக்கிறாரா என்று பார்க்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். டிக்கெட் கொடுக்கும்போது கண்டக்டர்கூட மூக்கைச் சுருக்கினார். இவர் குடிக்க மாட்டார். இது வெறும் தூக்கம். அந்தத் தூக்கத்துக்குத்தான் கோயம்புத்தூரில் பரிசோதனை, பத்தரை மணிக்கு. பரிசோதனையில் இவர் தூங்கிவிட்டால் போச்சு. கனரக லைசென்ஸ் போய்விடும். இருபத்தைந்து வருட லைசென்ஸ். எங்கள் வீட்டில் அதைத் தவிர வேறு ஒன்றும் சம்பாதிப்பதில்லை.

சிரிக்காதீர்கள். பகலில் ஒரு அறையை இருட்டாக்கி, மெத்தை போட்டு, தலையில் வயர் ஒட்டி, படுங்கள் என்பார்களாம். நல்ல உடம்பு என்றால் தூக்கம் வரக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம். இவருக்கு மெத்தையைக் காட்ட வேண்டியதில்லை. வயரை ஒட்டுவதற்குள் தூங்கிவிடுவார். மனசுக்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டே இருங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் வீட்டில் ஜெபமாலை சொன்னால் இரண்டாவது மணியிலேயே தலை தொங்குகிற மனிதர் இவர். சூசைராஜ் என்று பெயர். பைபிளில் வருகிற அந்தச் சூசையப்பருக்காவது தூக்கத்தில் தேவதூதர் வந்து சேதி சொன்னார். எங்கள் சூசையின் தூக்கத்தில் ஒருவரும் வருவதில்லை. வர நேரம் இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். இல்லாவிட்டால் நீங்கள் எங்களை ஏதோ நோயாளிக் குடும்பம் என்று நினைத்துக்கொண்டு இறங்கிப்போவீர்கள்.

இவர் எங்கள் ஊரில் ஒரு மெட்ரிக் பள்ளியின் பஸ் டிரைவர். காலை ஆறு மணியிலிருந்து ஒன்பதே கால், சாயங்காலம் மூன்றே காலிலிருந்து ஆறரை. ஐம்பத்திரண்டு பிள்ளைகள். நடுவில் சும்மா விடுவார்களா? டெஸ்க் தூக்கு, கரண்ட் பில் கட்டு, பிரின்சிபால் வீட்டு மிக்சியை ரிப்பேர் கடையில் கொடு. இரண்டு வருடத்துக்கு முன்னால் மகள் பெங்களூரில் நர்சிங் சேர்ந்தாள். அதற்காக ஆக்டிங் போக ஆரம்பித்தார். ஒரு லாரியின் வழக்கமான டிரைவர் லீவு போட்டால், அந்த ஒரு நடைக்கு மட்டும் வண்டி எடுக்கிறவரைத்தான் ஆக்டிங் டிரைவர் என்பார்கள். அர்த்தநாரி என்று ஒருத்தர், பன்னிரண்டு பால் டேங்கர் வைத்திருக்கிறார். எங்கள் பக்கம் பால் ஏற்றி, ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்குக் கொண்டுபோக வேண்டும். சாயங்காலம் ஏழரைக்குப் போனால் விடிகாலை ஐந்துக்கு வீடு, அதில் ஸ்டீயரிங்கில் எட்டு மணி நேரம். முதலில் சனிக்கிழமை மட்டும் என்றார். பிறகு செவ்வாய். பிறகு வியாழனும்.

அந்தக் கம்பெனி ஒரு புத்தகம் கொடுத்தது. வேலை நேர ஓய்வு நேரப் பதிவேடு. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், மணிக்கு ஒரு வரி, வரிக்கு மூன்று கட்டம். ஓட்டிய நேரம், ஓய்வு நேரம், பிற வேலை. பகுதி நேர டிரைவர்கள் வேறு எங்கே வேலை செய்தாலும் அந்த மூன்றாவது கட்டத்தில் கட்டாயம் எழுத வேண்டும் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. இவர் அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இவர் கையெழுத்து சாலையில் டயர் தேய்ந்த தடம் மாதிரி இருக்கும். நான் சேலத்தில் சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் பத்து வருடம் போர்டிங்கில் இருந்தவள். எங்கள் சிஸ்டர் யூஜினா, விடைத்தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் தாளை இரண்டாகக் கிழித்துக் கையில் கொடுப்பார். தெரியாவிட்டாலும் எழுது, காலியாக விடாதே.

மூன்றாவது கட்டத்தில் ஸ்கூல் பஸ் என்று எழுதப்போனேன். அர்த்தநாரி பதறிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அம்மிணி, அதை மட்டும் தொட்டுப்போடாதீங்க. ஸ்கூல் வண்டின்னு ஒரு எழுத்து விழுந்துச்சுன்னா என்ற பன்னெண்டு டேங்கரும் கேட்டுக்கு வெளியதான் நிக்கோணும்."

"அப்ப அந்த நேரத்துக்கு என்னன்னு எழுதறது?"

"எதுக்கு எழுதோணும்? சும்மா உட்டுருங்க. எல்லா டிரைவரும் அப்படித்தான் உடறானுங்க. ஒருத்தனும் படிக்கறதில்ல."

சும்மா விடுவதாம். இருபத்து நான்கு வரியில் பதினாறு வரியைக் காலியாக விட்டு என் கையால் ஒரு பக்கத்தை அனுப்புவேனா? யோசித்தேன். கம்பெனி கேட்டது கம்பெனி வண்டியைப் பற்றி. அவர்கள் ஸ்டீயரிங்கைத் தொடாத நேரமெல்லாம் அவர்கள் கணக்கில் ஓய்வுதானே? ஓய்வு என்று எழுதினேன். வரிசையாகப் பதினாறு ஓய்வு. அதுவும் பார்க்க மொட்டையாக இருந்தது. அதனால் 'ஓய்வு, உறக்கம்' என்று எழுதினேன். ஓட்டிய நேரம் நீல மை, உறக்கம் பச்சை மை. ஸ்கேல் வைத்துக் கோடு. உறக்கம் என்று அந்தக் கம்பெனி கேட்கவே இல்லை. அது என் சொந்தச் சரக்கு.

பொய் என்கிறீர்களா? நீங்கள் சொல்லவில்லை, உங்கள் முகம் சொல்கிறது. வீட்டில் இருக்கிற ஆண்பிள்ளை ஓய்வில் இல்லாமல் வேறு எதில் இருக்கிறார், சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைப் பூசை, அங்கே பெஞ்சில் உட்கார்ந்துதானே இருக்கிறார். வந்து மாடித் தொட்டியைக் கழுவுவார், காற்றோட்டமாக. பிறகு கறிக்கடை, கேஸ் சிலிண்டர், என் அம்மாவுக்குக் கண் ஆஸ்பத்திரி. என் அக்கா புது வீடு கட்டுகிறாள், மத்தியானம் பூச்சுக்குத் தண்ணீர் விடப் போவார். குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஒரு வேலையா? நின்றுகொண்டே தூங்கியிருக்கிறார். தண்ணீர் சிமெண்ட் மூட்டை மேல் போய் ஆறு மூட்டையும் கல்லாகிவிட்டது. அக்கா இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நான் என்ன செய்ய? எனக்கு மட்டும் யாராவது கட்டம் போட்டுப் புத்தகம் கொடுத்தார்களா, ஓய்வு என்று எழுதிக்கொள்ள?

சரி, அதை விடுங்கள். மற்ற டிரைவர்கள் கொடுத்த புத்தகங்களில் டீக்கறை, வெற்றிலைக்கறை, பாதிப் பக்கம் காலி. யாரும் திறந்து பார்க்கவில்லை. திறந்தாலும் ஒன்றும் புரியாது. அவர்கள் எல்லோரும் இன்றைக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் புத்தகத்தைத்தான் பார்த்தார்கள். கம்பெனியில் பாதுகாப்பு ஆபீசர் என்று ஒரு பையன், திவாகர் என்று பெயர், சென்னைக்காரர், நல்ல மாதிரி. எங்கள் பக்கம் ஒன்றை நகல் எடுத்து டிரைவர்கள் ரூமில் ஒட்டிவைத்தார். இப்படித்தான் எழுத வேண்டும் என்று. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு என் கையெழுத்தை யாரும் சுவரில் ஒட்டவில்லை.

போன மாதம் பாதுகாப்பு வாரம் கொண்டாடினார்கள், எங்கள் பக்கத்துப் பால் குளிரூட்டும் நிலையத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஓய்வு நேரத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்த டிரைவர் என்று இவருக்குப் பரிசு. ஹாட் பாக்ஸ். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். மேடையில் திவாகர் மைக்கைப் பிடித்து, ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓய்வெடுத்து, உடம்பைக் கோயில் மாதிரி வைத்திருக்கிற சூசைராஜ் அவர்களை அழைக்கிறேன் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். இவர் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். பெண்கள் வரிசையிலிருந்து நான் சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்தேன். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறார். மணி பதினொன்று.

திவாகரே கீழே இறங்கி வந்து தோளைத் தொட்டார். இவர் கண்ணைத் திறந்ததும் என்ன செய்தார் தெரியுமா? வலது காலால் தரையை ஓங்கி மிதித்தார். பிரேக். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பிரேக் போட்டார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அர்த்தநாரி சிரித்தார். நானும், என்ன செய்வது, கொஞ்சம் சிரித்தேன். திவாகர் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாளே என்னைப் போனில் கூப்பிட்டார். "அம்மா, பதினாறு மணி நேரம் ஓய்வெடுக்கற மனுஷன் பட்டப்பகல்ல இப்படித் தூங்கறார்னா, அது களைப்பு இல்ல. உடம்புல ஏதோ கோளாறு. இப்படி ஒரு வியாதியே இருக்கு. எங்க சித்தப்பாவுக்கு இருந்துச்சு. வைத்தியம் பார்த்தா குணமாயிடும்." எவ்வளவு அக்கறை பாருங்கள். கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார். அந்த டாக்டர் என் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தார். இவ்வளவு தூங்கியும் தூக்கம் வருகிறது என்றால் சந்தேகமே இல்லை என்றார். பரிசோதனை முடிகிறவரை டேங்கர் கிடையாது. பரிசோதனையில் வியாதி உறுதி என்றால் லைசென்ஸ் ஆபீசுக்கு எழுதிப் போட்டுவிடுவார்களாம். அப்புறம் லாரியும் இல்லை, ஸ்கூல் பஸ்ஸும் இல்லை. நாற்பத்தொன்பது வயதில் ஸ்டீயரிங்கைத் தவிர ஒன்றும் தெரியாத மனிதர் என்ன செய்வார்? மைக் செட் கட்டுவாரா?

உண்மையைச் சொல்லிவிடலாமே என்கிறீர்கள். பவானியில் ஏறி உட்கார்ந்த உங்களுக்குத் தெரிவது எனக்குத் தெரியாதா? சொன்னேன். இரண்டு பஸ் மாறி ஓசூருக்கே போய், அந்தத் திவாகர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, "சார், அந்தப் புத்தகம் நான் எழுதினது. அதுல எழுதின அளவுக்கு அவர் தூங்கறதில்ல" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. அவ்வளவு பரிவு. "புரியுதும்மா. வீட்டுக்காரருக்கு வியாதின்னா எந்தப் பெண்ணுக்கும் ஏத்துக்கக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா இதைப் பாருங்க." கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். என் இரண்டு வருட எழுத்தையும் அதில் ஏற்றிப் பச்சைப் பச்சையாகக் கட்டிடம் மாதிரி நிற்க வைத்திருந்தார். "பொய் எழுதறவங்க இப்படி எழுத மாட்டாங்கம்மா. பொய்ன்னா எங்கயாவது அடிச்சு, திருத்தி, குழம்பியிருக்கும். நீங்க ஒரு இடத்துல கூட அடிக்கல."

"சார், நான் சொல்றேன் பொய்யின்னு."

"அப்ப தூங்காம அந்த நேரத்துல எங்க இருந்தார்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஸ்கூல் பஸ் என்று சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்க டேங்கர் ஓட்டிவிட்டு, ஐந்து மணிக்கு முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒரு டம்ளர் டீயோடு ஆறு மணிக்கு ஐம்பத்திரண்டு பிள்ளைகளை ஏற்றுகிறார் என்று சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. சொன்னால் அர்த்தநாரியின் கான்ட்ராக்ட் போகும், அவர் டிரைவர்கள் எல்லோருக்கும் வேலை போகும், அதுகூடப் பரவாயில்லை. பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்துபோகும். எந்த அம்மா சும்மா விடுவாள்? நானாக இருந்தாலும் விட மாட்டேன். எல்லாப் பிள்ளைகளும் இரண்டு வருடமாக ஒழுங்காக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு கீறல் இல்லை. ஒரே ஒரு தரம் குப்பைத்தொட்டியில் இடித்தார், அதுவும் வண்டி காலியாக இருக்கும்போது.

இந்த பஸ் டிரைவர் நேற்றைக்கு எத்தனை மணிக்குப் படுத்தார் என்று உங்களுக்குத் தெரியுமா? கேட்டுவிட்டா ஏறினீர்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் பேசினால் இப்படித்தான் வரும்.

வியாதி உண்டு என்றால் லைசென்ஸ் போகும். வியாதி இல்லை என்றால், பிறகு ஏன் தூங்குகிறார் என்று தோண்டுவார்கள், அதற்கும் லைசென்ஸ் போகும். இவர் தூங்காமல் இருந்து, வியாதியும் இல்லை ஒன்றும் இல்லை, அன்றைக்கு ஏதோ அசதி என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் பிழைத்தோம். அதனால் இவர் இன்றைக்கு முழித்திருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது. ஒரு நாள், ஒரு பகல்.

நேற்று ராத்திரியாவது நன்றாகத் தூங்கியிருக்கலாம் என்கிறீர்கள். எங்கே? டேங்கரை நிறுத்தியதும் அர்த்தநாரி ஜவ்வரிசி லாரிக்கு மாற்றிவிட்டார். அதற்குப் புத்தகம் கித்தகம் எதுவும் கிடையாது, நிம்மதி. வாரத்தில் நான்கு நடை. நேற்றும் நடைதான். வேண்டாம் என்றுதான் இவர் சொன்னார். மகளுக்குப் பரீட்சைக் கட்டணம் இந்த வாரம், நான்தான் போய்வாருங்கள் என்றேன். காலையில் ஐந்தே காலுக்கு வந்தார். பஸ் வர ஏழாகுமே, சும்மா ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள், அந்தத் தண்ணீர் மோட்டார் வயரை மட்டும் பார்த்துக் கொடுத்துவிடுங்கள் என்றேன். நான் ஊரில் இல்லாத நேரத்தில் அம்மாவுக்குத் தண்ணீர் வேண்டாமா?

பெருந்துறை தாண்டிவிட்டோமா? கொஞ்சம் இந்தப் பையை எடுத்துக் கொடுங்கள், எனக்குக் கை வராது. உள்ளே ஒரு காகிதம் இருக்கும், மஞ்சள் உறையில். அதுதான். ஆஸ்பத்திரியில் இரண்டு வாரத்துக்கு முன்னால் கொடுத்தது. பதினான்கு நாளைக்குப் பதினான்கு வரி. எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்குத் தூங்கினார், நடுவில் எத்தனை தரம் விழித்தார். கூடப் படுப்பவர்தான் எழுத வேண்டும், உண்மையாக எழுத வேண்டும், இதை வைத்துத்தான் டாக்டர் எல்லாவற்றையும் படிப்பார் என்று அந்த நர்சு இரண்டு தரம் சொன்னாள். நேற்றே எழுதி முடித்திருப்பேன். பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வரி, போன வாரத்துக்கு முந்தின வாரம், புதன்கிழமை.

எனக்குத் தெரியவில்லை.

நான் ஒன்பதரைக்கெல்லாம் படுத்துவிடுவேன். அப்போது இவர் வண்டியில் இருப்பார். நான் எழுந்திருக்கும்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். நடை இல்லாத நாளில் டிவி முன்னால் இருப்பார், வாசல் கேட்டில் நிற்பார், அர்த்தநாரியின் போனுக்குக் காத்திருப்பார். வியாழன் என்ன, வெள்ளி என்ன, ஒன்றும் நினைவில்லை. இரண்டு வருடம் அந்தப் புத்தகத்தில் ஒரு மணி நேரம்கூடத் தயங்கி எழுதியதில்லை. இதில் ஒரு வரி வரவில்லை. வீட்டில் இவருடைய தலையணை உறை அழுக்காவதே இல்லை. மாதம் ஒருதரம் துவைத்தால் போதும். சுத்தமான மனிதர், எண்ணெய் வைப்பதில்லை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவினாசி வந்துவிட்டால் கூட்டம் ஏறிவிடும், அப்புறம் எழுத முடியாது. இருங்கள், இவரையே கேட்டுவிடுகிறேன்.

"என்னங்க. என்னங்க, எந்திரிங்க. ஒரு நிமிஷம்."

"ம்... எறங்கணுமா?"

"இல்லை. போன வாரத்துக்கு முந்தின புதன்கிழமை எத்தனை மணிக்குத் தூங்குனீங்க?"

"எந்த புதன்?"

"ஆஸ்பத்திரிக் காகிதத்துல எழுதணும். பதினாலு நாளும். உண்மையா எழுதணுமாம்."

"பதினாலு நாளா?"

"ஆமா. யோசிச்சுச் சொல்லுங்க."

"நீயே பார்த்து எழுதும்மா. நீ எழுதுனா ஒருத்தரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. உன்ற எழுத்து அழகா..."

பாருங்கள். பேச்சு முடிவதற்குள்.

உங்கள் கைக்கடிகாரத்தில் என்ன மணி? எட்டு நாற்பதா. சரி. மேலே உள்ள பதின்மூன்று வரியை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். கடைசி வரி இன்றைய தேதி, இதை மட்டும் எழுதிவிடுகிறேன், இது எனக்குத் தெரியும். பஸ் கிளம்பியது ஏழு பத்து. உட்கார்ந்ததும் தூங்கினார், அதுவும் ஏழு பத்து. நடுவில் ஒரு தரம் விழித்தார், எட்டு முப்பத்தெட்டு. மறுபடி தூங்கியது எட்டு நாற்பது. இங்கே பக்கத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது, விழித்ததற்குக் காரணம் என்று. இதில் என் பெயரை முழுதாக எழுத வேண்டுமா, மனைவி என்று மட்டும் போட்டால் போதுமா?